கன்னமும் நுரையீரலும்: நிகோட்டின் செல்லும் இரு வழிகள்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்து, இன்று விமான நிலையமும் தொழிற்பேட்டைகளும் சூழ்ந்து நிற்கும் செனாய் போன்ற ஊர்களில், தமிழரிடையே புகையிலை இரு விதமாகப் புழங்கி வந்துள்ளது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு வாயில் அடக்கிக்கொள்வது ஒன்று. சிகரெட்டாகவோ பீடியாகவோ கொளுத்தி இழுப்பது மற்றொன்று. இரண்டிலும் அடிமைப்படுத்தும் பொருள் நிகோட்டின்தான் என்றாலும், அது மூளையை எட்டும் வேகம் வேறு. பழக்கம் எவ்வளவு இறுகப் பற்றும் என்பதில் அந்த வேகத்துக்குப் பெரும் பங்குண்டு.

புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதற்காக வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்பும் நஞ்சே நிகோட்டின். 1828இல் ஹைடல்பர்கில் பொசெல்ட், ரைமன் என்னும் இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தனர். இயல்பிலேயே காரத்தன்மை கொண்ட இப்பொருள், அமிலச் சூழலில் மின்னேற்றம் பெற்றுவிடுவதால் உடலின் மெல்லிய சவ்வுகளைக் கடக்க இயலாமல் தங்கிவிடுகிறது. காரச் சூழலில் மின்னேற்றமின்றி எளிதாக ஊடுருவுகிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வாயைக் காரமாக்கி, நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் மெல்லக் கலக்க வழிசெய்கிறது. ஆனால் அதே கன்னத்தில்தான் புண்ணும் தொடங்குகிறது: புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்பது உறுதியாகியுள்ளது, மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுந்து காணப்படுவதற்கு இப்பழக்கமே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது.

சிகரெட்டின் புகையோ சற்றே அமிலத்தன்மை உடையது. அதனால் அது தொண்டையை அதிகம் உறுத்துவதில்லை, வாயிலும் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. பயன் வேண்டுவோர் அதை நெஞ்சுக்குள் இழுத்தாக வேண்டும். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளில் பரவும் நிகோட்டின் இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 வினாடிகளில் மூளையை அடைந்து, அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப்பொருளுக்கென அமைந்த ஏற்பிகளில் பொருந்திக்கொள்ள, அதன் விளைவாக இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் சுரக்கிறது. ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 10 இழுப்பு எனக் கொண்டால், 20 சிகரெட் புகைப்பவரின் மூளை நாளொன்றுக்கு 200 முறை இப்பரிசைப் பெறுகிறது. இத்தனை முறை திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கும் போதைப்பொருள் வேறொன்றைக் காண்பது அரிது.

தொடர்ந்து தூண்டப்படும் மூளை, தன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், இரவு உறங்கி எழும்போது அவ்வேற்பிகள் பெரும்பாலும் வெறுமையாகி எரிச்சலும் பதற்றமும் தலைதூக்குகின்றன. கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதை மருத்துவர் முதற்கேள்வியாகக் கேட்பது இதனால்தான். 5 நிமிடத்துக்குள் எனில் அடிமைத்தனம் கடுமையானது. புகைத்தால் மனம் அமைதியடைகிறது என்று பலர் நம்பும் அமைதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற பதற்றம் தணிவதேயாகும்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் நிகோட்டின் அன்று, அதைச் சுமந்துவரும் புகை. அதில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைப்பவை. கார்பன் மோனாக்சைடோ இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர், புகைப்போர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழப்பதாகவும், 50 வயதில் விட்டவர் அதில் ஏறத்தாழ 6 ஆண்டுகளை மீட்பதாகவும் 2004இல் வெளியிட்டனர்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி ஆண்களில் 40.5 விழுக்காட்டினரும் பெண்களில் 1.2 விழுக்காட்டினரும் புகைப்பவர்களாக இருந்தனர். அவ்வாண்டு ஜனவரி முதல் உணவகங்களில் புகைப்பது தடைசெய்யப்பட்டதால், புகைப்பவர் உணவகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டியதாயிற்று. ஜொகூர் 2016 முதலே வேப் எனும் மின்சிகரெட் விற்பனையைத் தடுத்திருந்தது. கூட்டரசோ 2023 மார்ச் இறுதியில் வேப்பில் பயன்படும் நிகோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. சிறார்க்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு சட்ட வெற்றிடம் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது. வேப் திரவங்கள் பலவற்றில் பென்சோயிக் அமிலம் சேர்ப்பதும் அதே அமில–கார உத்திதான்: உறுத்தல் குறைவதால், புதிதாகப் பழகும் இளைஞரும் மிகுதியான நிகோட்டினை இருமலின்றி இழுக்க முடிகிறது.

விட விரும்புவோருக்கு மருத்துவம் தரும் நிகோட்டின் மெல்பசையோ பழைய கன்ன வழிக்கே திரும்புகிறது. சுண்ணாம்பு செய்த வேலையை அதில் சோடியம் கார்பனேட் செய்கிறது. மிட்டாய் போல ஓயாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் வீணாவதோடு விக்கலும் வரும்; உறைப்புச் சுவை தெரிந்தவுடன் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, சுவை அடங்கிய பின் மீண்டும் மெல்ல வேண்டும். மெல்லும்போதும் அதற்கு முந்தைய 15 நிமிடத்திலும் காப்பி, பழச்சாறு, குளிர்பானம் அருந்தினால் வாய் அமிலமாகி, நிகோட்டின் கன்னத்தைக் கடக்காமல் நின்றுவிடும்.