வீச்சு வசப்படுமா?

தரையிலே ஒரு பந்து கிடக்கிறது. கிரிக்கெட்டிற் போல அதை எவரும் நம்மை நோக்கி எறிவதில்லை; உதைபந்தாட்டத்திற் போல எவரும் நம் காலடியிலிருந்து பறித்துச் செல்வதுமில்லை. கையிலே மட்டை இருக்கிறது; வேண்டிய மட்டும் நேரமும் இருக்கிறது. அசையாமற் கிடக்கும் ஒரு பொருளை அடிப்பதற்கு ஒரு கலை வேண்டுமா என்று கொல்ப் ஆட்டத்தை அறியாதவர் கேட்பதில் வியப்பில்லை. நானும் அப்படித்தான் கேட்டேன். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்து இரண்டாண்டுகளாகின்றன.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர், 7ஆம் எண் இரும்பு மட்டையொன்றையும் பழம் பந்துகள் இருபதையும் என் வீட்டில் விட்டுச் சென்றார். வயது நாற்பதைத் தாண்டிய பிறகு வந்த ஆசை; ஆதலின் வெட்கத்துடன், மூடுபனி கலையுமுன்பே விளையாட்டு மைதானத்துக்குச் சென்று பழகத் தொடங்கினேன். வெட்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. மூன்றாம் நாளே லயத்துப் பிள்ளைகள் வேலியோரத்தில் வரிசையாக வந்து நின்றுவிட்டனர். (மட்டை வீசுகையில் அருகில் எவரும் நிற்கலாகாது, இதை விளையாட்டாக எண்ணிவிடக்கூடாது.) பந்து எழுந்தது; சிறிது தூரம் நேராகச் சென்றது; பின்னர், யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல வலப்பக்கம் திரும்பித் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தது. ஒன்றல்ல, இருபதும் அவ்வாறே சென்றன.

நம் மலைகளுக்கு இந்த ஆட்டம் புதிதன்று. கோப்பித் தோட்டங்களையும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களையும் நடத்த வந்த துரைமாருள் ஸ்கொத்லாந்து நாட்டவர் பலர். கொல்ப் அவர்கள் நாட்டு ஆட்டம். கொழும்பிலே 1879இலும், நுவரெலியாவிலே 1889இலும் கொல்ப் கழகங்கள் தோன்றின. பண்டாரவளையிற் புகையிரதமேறி நானுஓயாவில் இறங்கிச் செல்வோர், நுவரெலியா நகரின் நடுவே பரந்து கிடக்கும் அப்பசும்புல் வெளியை இன்றுங் காணலாம். அந்தப் புல்லை வெட்டியவர்களும், மட்டைப் பைகளைத் தோளிற் சுமந்து துரைமார் பின்னே நடந்தவர்களும் நம்மைப் போன்றவர்களே. பை சுமப்பவனுக்கு ஆங்கிலத்தில் ‘கெடி’ என்று பெயர். பந்து விழுந்த இடத்தை அறிவதும், காற்றின் போக்கைச் சொல்வதும், மட்டையைத் தெரிந்து நீட்டுவதும் அவன் வேலை. ஆட்டத்தில் அவன் செய்யாதது ஒன்றே ஒன்று: அடிப்பது!

என் பந்துக்கு வருகிறேன். அது ஏன் வலப்பக்கம் வளைகிறது? வலக்கைக்காரராகிய புதிய ஆட்டக்காரருட் பெரும்பாலோரைப் பிடிக்கும் நோய் இது. பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது, குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. அது சென்று விழவேண்டிய குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பகுத்தால் அதில் ஏறக்குறைய ஒரு பகுதி. அந்தக் கணத்திலே மட்டையின் முகம் எத்திசையைப் பார்க்கிறது, மட்டை எவ்வழியே செல்கிறது என்ற இரண்டுமே பந்தின் தலைவிதியை எழுதிவிடுகின்றன.

பழைய பயிற்சி நூல்கள் பலவற்றில், பந்து முதலில் மட்டை சென்ற வழியே புறப்படும், பிறகு முகம் பார்த்த திசைக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தனர். றேடார் கருவிகளைக் கொண்டு அளந்தபின் அது சரியன்று எனத் தெரிந்தது. புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகமே. வழிக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடே பந்தைச் சாய்வாகச் சுழலச் செய்து வளைக்கிறது. மட்டை இடப்பக்கமாக இழுபட, முகம் அவ்வழிக்கு வலப்பக்கம் திறந்திருந்தால், பந்து வலப்பக்கம் ஓடும்.

நான் செய்த மூடத்தனத்தை இனிச் சொல்லலாம். பந்து வலப்பக்கம் போகிறதே என்று, உடம்பை இடப்பக்கம் திருப்பி நின்று, இடப்பக்கமாகவே வலிந்து வீசினேன். வழி இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. முகத்துக்கும் வழிக்கும் உள்ள வேறுபாடு பெருகிற்று. பந்து முன்னிலும் பெரிய வளைவில் ஓடிற்று. நோய்க்கென்று கொடுத்த மருந்தே நோயை வளர்த்தது. இது என் தனிப்பட்ட அறிவீனம் அன்று என்பதை அறிந்தபோது ஓரளவு ஆறுதல் உண்டாயிற்று. உலகெங்கும் புதியவர்கள் இதைத்தான் செய்கிறார்களாம்.

பின்னர் நூல்களைப் படித்தேன். அங்கேதான் உண்மையான இடர் தொடங்கிற்று. இடக்கை நேராக இருக்கட்டும், வல முழங்கை விலாவை ஒட்டட்டும், தலை அசையாதிருக்கட்டும், இடுப்பு முதலில் திரும்பட்டும், மணிக்கட்டு பிந்தி விரியட்டும் என்று பத்துக் கட்டளைகளை மனத்தில் ஓதிக்கொண்டு மட்டையை உயர்த்தினேன். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையைப் பின்னே கொண்டுசெல்ல ஏறக்குறைய முக்கால் விநாடியும், கீழே கொண்டுவரக் கால் விநாடியும் எடுக்கின்றனர். கால் விநாடியிலே மனிதன் எதைத் திருத்த முடியும்? கட்டளை மூளையிலிருந்து கைக்குப் போய்ச் சேருமுன்பே பந்து தேயிலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்நாட்களில் ஒருநாள், கவ்வாத்து வேலையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மைதானத்து ஓரமாக வந்து நின்றார். நகரத்து நேயர்களுக்காகக் கவ்வாத்தைப் பற்றி ஒரு சொல். மலைநாட்டிலே தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கொருமுறை கத்தியால் வெட்டித் தாழ்த்துவர்; அப்பொழுதுதான் புதுக்கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் தழைக்கும். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் ஒரே வீச்சில் விழ வேண்டும். கிளை பிளந்தால் நீர் தங்கிச் செடி அழுகும். விரல் பருமனுள்ள வைரம் பாய்ந்த கிளைகளை நாள் முழுதும் வெட்டவேண்டியவன், தோள்பலத்தை நம்பினால் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுவான்.

பெரியவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

“மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க வீசல, வெட்டுறீங்க” என்றார்.

“நீங்கள் வெட்டுவதும் வெட்டுத்தானே, பெரியவரே?”

“இல்ல மாஸ்டர். நாங்க வீசுவோம், வெட்டுறது கத்தி. நீங்க கையையே நெனச்சுக்கிட்டு நிக்கிறீங்க. கத்தி எங்க போகணும்னு நெனைங்க; கை தானா வரும்.”

மட்டையைக் கத்தி என்றே அவர் சொன்னார், நானும் திருத்தவில்லை. மனத்திலே கையை விட்டு மட்டையின் நுனியைப் பற்றிக்கொண்டு வீசியபோது, பந்து வளையாமற் சென்றுவிட்டது என்று எழுத ஆசைதான். வளைந்தே சென்றது, ஆனாற் குறைவாக வளைந்தது.

இதன் பிறகு படித்த செய்தியொன்று என்னைத் திகைக்க வைத்தது. 1999ஆம் ஆண்டில் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர், கொல்ப் அறியாத புதியவர்களை இரு பிரிவாகப் பிரித்துச் சிறு அடிகள் அடிக்கப் பழக்கினார். ஒரு பிரிவினருக்குக் கைகளின் அசைவைக் கவனிக்குமாறும், மறு பிரிவினருக்கு மட்டையின் அசைவைக் கவனிக்குமாறும் கூறினர். மட்டையைக் கவனித்தவர்களே இலக்கை நெருங்கி அடித்தனர். அறிவுரை இன்றி அடிக்கச் சொன்ன மறுநாளும் அவர்களே மேலாக நின்றனர். பிற்காலத்தில் வேறு பல ஆட்டங்களிலும் திறன்களிலும் இது சோதிக்கப்பட்டுப் பெரும்பாலும் இவ்வாறே தெரிந்திருக்கிறது. கவ்வாத்து மலையில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுக்குப் பல்கலைக்கழகம் 1999இல் சான்றிதழ் வழங்கிற்று என்று சொன்னால், பெரியவர் சிரிப்பார்.

இலக்கணத்துக்குள் அடங்கும் வீச்சுத்தான் நல்ல வீச்சா? இந்த ஐயத்தைத் தீர்த்துவைத்த மனிதர் ஒருவரைப் பற்றிச் சற்று விரித்தே கூறவேண்டும்.

நம் முன்னோர் கோப்பி மலைக்கு நடந்து வந்த அதே காலத்தில், வேறு சிலர் கடல் கடந்து தென்னாபிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையை அடைந்தது. தொடர்ந்து வடபுலத்திலிருந்தும் பலர் சென்றனர். அங்குக் குடியேறிய இந்தியக் குடும்பமொன்றில் 1928இற் பிறந்தவர் சிவ்சங்கர் சிவகோலம். ஆங்கில எழுத்துக்களில் ‘சூசங்கர் சூகோலம்’ என்று சிதைந்த அப்பெயரையும் விட்டு, ‘பப்வா’ என்றே உலகம் அவரை அழைத்தது. தமிழரல்லர், ஆயினும் அவர் கதை நமக்குப் புறம்பானதன்று.

வறுமை, பள்ளிப் படிப்பில்லை. சிறுவயதிலேயே டர்பன் நகரத்துக் கொல்ப் வெளியில் கெடியாகப் பை சுமந்தார். மரக்கிளையை வெட்டி மட்டையாக்கித் தாமே அடித்துப் பழகினார். வலக்கைக்காரர் மட்டையைப் பிடிக்கையில் இடக்கை மேலும் வலக்கை கீழும் இருக்கவேண்டும் என்பது கொல்ப் ஆட்டத்தின் அரிச்சுவடி. பப்வாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எவருமில்லை. வலக்கையை மேலும் இடக்கையைக் கீழுமாக மாற்றிப் பிடித்தார். அந்தப் பிடியுடனேயே வளர்ந்தார். வெள்ளையரல்லாதாருக்கென ஒதுக்கப்பட்ட போட்டிகளை வென்றார். அவருடைய திறமையைக் கண்ட வெள்ளையர் ஒருவர் துணைநிற்க, 1959இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். அவ்வாண்டே ஒல்லாந்து நாட்டின் பகிரங்கப் போட்டியை வென்றார். 1960இலும் 1964இலும் மீண்டும் வென்றார். தலைகீழ்ப் பிடியைக் கண்டு நகைத்தவர்கள் புள்ளிக் கணக்கைக் கண்டு வாயடைத்தனர்.

தாய்நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1963இல், வெள்ளையரும் ஆடிய நேட்டால் பகிரங்கப் போட்டியிலே பப்வா முதலிடம் பெற்றார். போட்டி நடந்த கழகத்தின் மண்டபத்துள் நிறவெறிச் சட்டம் அவரை விடவில்லை. மழை பெய்தது. மற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே நின்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அக்காட்சியின் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தது. தென்னாபிரிக்காவை விளையாட்டு அரங்கிலிருந்து விலக்கவேண்டும் என்ற கிளர்ச்சிக்கு வலுவூட்டிற்று. 1965இல் அதே போட்டியில், பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை 1959இலேயே வென்றிருந்த கேரி பிளேயரையும் அவர் தோற்கடித்தார். அதன்பின் அரசாங்கம் அவரைப் போட்டிகளிலேயே ஆடவிடவில்லை, கடவுச்சீட்டையும் பறித்தது. எந்த ஆசிரியராலும் குற்றங்காண முடியாத அளவுக்குப் பந்தை நேரே அடித்த மனிதர், அடிப்பதற்கு மைதானமின்றி 1978இல் மறைந்தார். இன்று டர்பனிற் கொல்ப் வெளியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பப்வாவைப் போலத் தலைகீழாகப் பிடிக்குமாறு நான் எவருக்கும் கூறவில்லை. நானே முயன்று, மணிக்கட்டு நோவுடன் திரும்பி வந்தேன். அப்பிடி அவருக்குப் பொருந்தியதற்குக் காரணம், பால பருவத்திலிருந்து கணக்கற்ற அடிகளை அதனுடனேயே அடித்தமை. மறுகோடியில் அமெரிக்கரான பொபி ஜோன்ஸ் இருக்கிறார். செல்வக் குடும்பத்துப் பிள்ளை; தொழிலால் வழக்கறிஞர்; பணத்துக்காக ஆடாத பொழுதுபோக்கு ஆட்டக்காரர். 1930இல் பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28ஆம் வயதிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். உலகம் வியந்த அவ்வீச்சை அவர் கற்ற விதம் என்ன? அட்லாண்டா நகரத்துக் கழகத்தில் ஸ்டுவார்ட் மெய்டன் என்ற ஸ்கொத்லாந்து ஆசிரியரின் பின்னே சிறுவனாகத் திரிந்து, பார்த்துப் பார்த்து அவ்வாறே வீசினார். அவ்வளவுதான்.

இது உண்மை என்பதற்கு எனக்கு மைதானத்து வேலியோரமே சாட்சி. கிட்டிப்புள் ஆடும் பிள்ளைகளிடம் ஒருநாள் மட்டையைக் கொடுத்தேன். புள்ளை எழுப்பி அந்தரத்தில் அடிக்கப் பழகிய பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி, ஒரு கட்டளையும் மனத்தில் இல்லாமல், இரண்டாம் அடியிலேயே பந்தை நேராக அனுப்பிவிட்டு, “இவ்வளவுதானா சேர்?” என்று கேட்டாள். விடை சொல்ல எனக்கு இருமல் வந்துவிட்டது.

வளர்ந்தவர்களுக்கு அந்த வரம் இல்லை, பொறுமைதான் உண்டு. நான் இப்போது செய்வது இதுவே: இடக்கையை மட்டையின்மேல் சற்று வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்க்கையில் விரற்கணுக்கள் இரண்டு மூன்று தெரியுமாறு பிடிக்கிறேன், இதனால் மட்டையின் முகம் எளிதில் மூடுகிறது. முழு வீச்சை விட்டு அரை வீச்சையே நெடுநாள் பழகுகிறேன். ஒரே இலக்கை நோக்கி இருபது பந்துகளையும் அடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புது இலக்கைத் தெரிகிறேன். அவ்வாறு பழகினால் அன்றைக்கு ஆட்டம் அலங்கோலமாகத் தோன்றும். ஆனாற் கற்றது பின்னாளிலும் நிற்கிறது. மட்டையை உயர்த்திய பிறகு எதையும் நினைப்பதில்லை. நினைத்தால், மட்டையின் நுனியை மட்டும்.

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு மணம் ஊட்டும் அந்தக் காற்று என் பந்துக்குப் பகை. எதிர்க்காற்றில் வளைவு இரட்டிப்பாகத் தெரியும். நேற்றுக் காலையும் காற்று இருந்தது. இருபது பந்துகளில் பதின்மூன்று மைதானத்திலேயே கிடந்தன. ஐந்தைத் தேயிலைக்குள் நுழைந்து பிள்ளைகள் எடுத்துவந்தனர். மிகுதி இரண்டையும், கொழுந்து பறிக்க வந்த பெண்கள் மாலையிற் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்து வாசலிற் கொடுத்தனர்.

“இன்னும் எத்தனை மாசத்துக்கு மாஸ்டர், நாங்க இதயும் சேத்துப் பறிக்கணும்?” என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள்.