பாட்டி விழுந்தா இடுப்பு ஏன் உடையுது? வயசு, பாலினம், இனம்... எது காரணம்?

நீங்கள் சென்னையில் வேலை. கல்வராயன் மலையடிவாரம், வடக்கனந்தலில் பாட்டி. "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க, எழுந்திரிக்க முடியல" என்று போன் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இடுப்பு எலும்பு முறிவு.

யாருக்கு அதிகம்?
வயதான பெண்களுக்கு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக வலுவிழக்கும். ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009-ல் எடுத்த கணக்கு இது: 50 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சம் பெண்களுக்கு 159 பேர், லட்சம் ஆண்களுக்கு 105 பேர். ஆனால் தாத்தாவை விட்டுவிடாதீர்கள். முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் இறக்கும் ஆபத்து ஆண்களுக்கே அதிகம்.

இனம்?
வித்தியாசம் உண்டு. 1990-களில் சிங்கப்பூரில் சீனர்களுக்கு அதிகம், மலாய்க்காரர்களுக்குக் குறைவு, இந்தியர்கள் நடுவில். ஆனால் 1960-களோடு ஒப்பிட்டால் அங்கே பெண்களின் முறிவு விகிதம் சுமார் 5 மடங்கு ஏறியிருந்தது. முப்பது வருஷத்தில் மரபணு மாறாது; வாழ்க்கைமுறை மாறும். உடலுழைப்பு குறைந்தால் எலும்பும் இளைக்கும்.

என்ன செய்யலாம்?
"கட்டு போட்டா சரியாயிடும்" என்று நாள் கடத்தாதீர்கள். நடக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு லைட் மாட்டிவிட்டு வாருங்கள்.