உங்களுக்குத் தெரியுமா? மென்பொருளைப் பிரித்துப் பார்த்தால் குற்றமா?

ஒரு மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் படிப்பதற்குப் பெயர் ‘ரிவர்ஸ் இன்ஜினியரிங்’. திருட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மென்பொருளை அதற்குரிய வேலையில் ஓட்டியபடியே கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்தை அறிந்துகொள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது 52-வது பிரிவு. 1999 திருத்தத்தில் சேர்ந்த வரி இது. நாம் எழுதும் மென்பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லையா? தோண்டி எடுக்கலாம். ஆனால் கையில் இருப்பது முறையாகப் பெற்ற பிரதியாக இருக்க வேண்டும். கிராக் செய்த காப்பிக்கு இந்தச் சலுகை இல்லை!

அமெரிக்காவின் அக்கலேட் நிறுவனத்துக்கு, சேகா நிறுவனத்தின் ‘ஜெனசிஸ்’ கேம் கன்சோலில் ஓடும் கேம்களைச் சேகாவின் லைசன்ஸ் இல்லாமலே தயாரிக்க ஆசை. சேகாவின் கேம் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, உள்ளிருந்த நிரலைப் பிரித்துப் படித்தது. ஒரு கேமுக்குக் கதவைத் திறக்குமுன் புது ஜெனசிஸ் அதன் நிரலில் எதைத் தேடியது தெரியுமா? எஸ், இ, ஜி, ஏ என்ற நான்கே எழுத்துகளை! சேகா வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட் அதன் பக்கம் நின்றது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உள்ளிருக்கும் கருத்தை அறிய வேறு வழியில்லை, அறிய நியாயமான காரணமும் உண்டு என்றால், பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடுதான் என்றது.

அதே 1992-ல் இன்னொரு கேம் நிறுவனமான அட்டாரி மட்டும் மாட்டிக்கொண்டது. நின்டெண்டோவின் பூட்டு நிரலை, ‘வழக்குக்குத் தேவை’ என்று பொய் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலேயே நகல் வாங்கியிருந்தது. பிரித்ததல்ல, அந்தப் பொய்தான் காலை வாரியது.

பிரித்துப் படித்தாலும் காப்பி அடிக்காமல் எழுத ஒரு வழி உண்டு. ஐபிஎம் கம்ப்யூட்டரின் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலை) 1980-களில் காம்பாக் நிறுவனம் மறுபடி உருவாக்கியது இரண்டு அணிகளை வைத்து. ஓர் அணி படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத மற்ற அணி புதிதாக எழுதியது. பார்த்தவர் எழுதக் கூடாது. எழுதுபவர் பார்த்திருக்கக் கூடாது. மடி ஆசாரம் தோற்றது போங்கள்!

படிக்காமலே ‘ஐ அக்ரீ’ அழுத்துகிறோமே, அதில் ‘பிரிக்கக் கூடாது’ என்றிருந்தால்? ஐரோப்பிய ஒன்றியத்தில், கவனித்து ஆராயும் உரிமையைப் பறிக்கும் ஒப்பந்த வரி செல்லாது. அமெரிக்காவில் 2003-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்தம்தான் பெரிது என்றது.

நம் சட்டத்தில் 2012-ல் 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம்.

பிரிக்கும் கருவிக்கு எங்கே போவது? ‘கீட்ரா’ இலவசம். 2019-ல் வெளியிட்டது யார் என்கிறீர்கள்? அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ!