இதயம் புதுசு, கல்லீரல் பழசு

கடத்தூர்ல இருந்து பேசுறேன்.

2008-ல திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் மூளைச்சாவு அடைஞ்சப்போ, அவரோட இதயம் சென்னை டிராஃபிக்கைத் தாண்டிப் போய் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதுல இருந்து இதய மாற்று நமக்குப் பழகின செய்தி. ஆனா ஆபரேஷனோட செய்தி முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் என்னன்னு யாரும் பேசுறதில்ல. குறிப்பா, பிறவி இதயக் கோளாறோட வளர்ந்தவங்களுக்குக் கல்லீரல் என்ன ஆகுது?

சில குழந்தைகளுக்கு இதயத்தோட ரெண்டு பம்புல ஒண்ணுதான் ஒழுங்கா வளர்ந்திருக்கும். இவங்களுக்கு ஃபான்டன்னு ஒரு அறுவை சிகிச்சை. பிரான்ஸ் டாக்டர் பிரான்சிஸ் ஃபான்டன் 1968-ல முதல்ல செஞ்சது. உடம்புல இருந்து திரும்புற ரத்தம் பம்பே இல்லாம நேரா நுரையீரலுக்குப் போகும். மோட்டார் இல்லாம, மேல்நிலைத் தொட்டி அழுத்தத்துலயே குழாய்ல தண்ணி வர்ற மாதிரி. உயிர் தப்பும். ஆனா சிரைகள்ல அழுத்தம் வருஷக்கணக்கா ஏறியே இருக்கும். கல்லீரல்ல ரத்தம் தேங்கித் தேங்கி தழும்பு விழும். முத்தினா சிரோசிஸ்.

புது இதயம் வந்ததும் அந்த அழுத்தம் குறையும், தேக்கம் வடியும். சிலருக்குக் கல்லீரல் தேறவும் செய்யும். ஆனா ஹார்ட்வேரை மாத்தினதும் பழைய தழும்பு ரீசெட் ஆகிடாது. சிரோசிஸ் வந்திருந்தா கல்லீரல் புற்றுநோய் அபாயம் பின்னாடியே வரும். அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடியே கல்லீரலை அலசிப் பார்க்குறாங்க. ரொம்ப மோசம்னா இதயம், கல்லீரல் ரெண்டையும் சேர்த்தே மாத்துறதும் உண்டு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. ரத்தப் பரிசோதனைல எல்லாம் நார்மல்னு வந்தாலும் உள்ள தழும்பு இருக்கலாம். அதனால சிரோசிஸ் இருக்கிறவங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் வழக்கம். நல்லாத்தானே இருக்கேன்னு தள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு அலைய முடியலையா? ஸ்கேனை தர்மபுரியிலயோ சேலத்துலயோ எடுத்து அனுப்பலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

அடுத்து மாத்திரை. புது இதயத்தை உடம்பு நிராகரிக்காம இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மருந்து தினமும் போடணும். அதை உடைச்சு வெளியேத்துறதே கல்லீரல்தான். பம்பளிமாஸ் பழம் சாப்பிட்டாக்கூட ரத்தத்துல மருந்தோட அளவு ஏறிடும். மஞ்சள் காமாலைக்குன்னு பாட்டி கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தா, முதல்ல டாக்டருக்கு ஒரு போன். குடி வேண்டவே வேண்டாம்.

சின்ன வயசுல நெஞ்சுல ஆபரேஷன் நடந்த நண்பர் இருந்தா, அது என்ன ஆபரேஷன்னு பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க. ஃபான்டன்னு இருந்தா, அடுத்த செக்கப்ல கல்லீரலைப் பத்தியும் கேட்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!