மல்லிகை கறுத்த கதை

டீ கொதிக்கும் நேரத்தில் அக்கா மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுப் படம், கொஞ்சம் இருட்டு. படத்தில் உள்ள எல்லா எண்ணோடும் 50 கூட்டு என்று பைத்தானில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். படம் வெளிச்சமாகத்தான் ஆகியிருந்தது. ஆனால் அவள் அம்மா தலையில் இருந்த மல்லிகை கரியாகிவிட்டது. சிவப்புப் பட்டு மயில்கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தது.

"கூட்டத்தானே செஞ்சேன் சித்தி, கழிக்கவே இல்லையே?"

நல்ல கேள்வி. டம்ளரைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன்.

படம் என்பது கணினிக்குள் எண்கள் நிரம்பிய கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள படமென்றால் 3 கோடியே 60 லட்சம் எண்கள். இத்தனையும் வைக்க இடம் வேண்டுமே! அதனால் எண்ணுக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட் மட்டும் ஒதுக்குவது வழக்கம். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை.

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் சக்கரங்களை நினைத்துக்கொள். 99999 வரை ஓடியபின் அடுத்தது 00000. பைட்டும் அப்படித்தான், 255-க்கு அடுத்து 0. மல்லிகையின் எண் 230. ஐம்பதைக் கூட்டினால் 280. 256 போக மிச்சம் 24. ஏறக்குறையக் கறுப்பு. பட்டில் சிவப்பு 220, பச்சை 40, நீலம் 60 என்று இருந்தது. பச்சையும் நீலமும் ஒழுங்காக 90, 110 என ஏறின. சிவப்பு மட்டும் எல்லை தாண்டி 14-இல் போய் விழுந்தது. மயில்கழுத்து வந்த வழி இதுதான்.

அவள் பயன்படுத்திய நம்பை நூலகம் இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது. பிழைச் செய்தியே வராத பிழை என்பதால்தான் இதை உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். ஓப்பன்சிவி என்ற இன்னொரு நூலகத்தில் படங்களைக் கூட்டவென்றே இருக்கும் கட்டளை 250-உடன் 10 சேர்த்தால் 255-இல் நின்றுவிடும். நம்பையின் கூட்டல் குறி 4 என்று விடை தரும்.

சரிசெய்வது எளிது. எண்களை முதலில் பதினாறு பிட்டுக்கு மாற்று. பிறகு கூட்டு. 255-ஐத் தாண்டியதையெல்லாம் 255-ஆக வெட்டு. மறுபடி எட்டு பிட்டுக்குக் கொண்டுவா. செய்து பார்த்தாள். பூ வெள்ளையாகிவிட்டது, ஆனால் இதழ் எது, மடிப்பு எது என்று தெரியவில்லை. 210-ம் 250-ம் ஒன்றுபோல 255 ஆகிவிட்டன அல்லவா? வெட்டிய வித்தியாசம் அந்தப் படத்தில் இனித் திரும்ப வராது.

எனக்குப் பிடித்த வழி வேறு. எண்ணை 255-ஆல் வகுத்து, 0.7 அடுக்குக்கு உயர்த்தி, மீண்டும் 255-ஆல் பெருக்கு. இருட்டில் கிடக்கும் 60 இதில் 93 ஆகிறது; வெளிச்சத்தில் இருக்கும் 230 ஏறுவது 237 வரைதான்; 255 அசைவதே இல்லை. மூலப்படத்தை மறுபடி திறந்து இந்தக் கணக்கைப் போட்டாள். அக்காவின் பின்னால் இருட்டில் நின்றிருந்தவர்களின் முகமெல்லாம் தெரிந்தது. மல்லிகைச் சரத்தில் இதழ்களும் தெரிந்தன.