மௌனம் காத்த அறிஞர்

கற்றறிந்தவன் தான் கண்டதை உலகுக்கு உடனே உரைக்க விழைவது இயல்பு. ஆயின், உரைத்த மாத்திரத்திலே ஊருக்குக் கேடு விளைக்கக்கூடிய உண்மையொன்று கைக்கு எட்டினால் அவன் செய்யத்தக்கது யாது? 2008ஆம் ஆண்டில் இவ்வினா டான் கமின்ஸ்கி என்னும் அமெரிக்க இளைஞர் முன் எழுந்தது. கணினிப் பாதுகாப்புத் துறையில் ஆராய்ச்சியாளராகவும் தொழில் முனைவராகவும் விளங்கிய அன்னாரின் வாழ்விலே நாம் கற்க வேண்டிய பாடமும் இவ்வினாவுக்கு அவர் அளித்த விடையேயாம்.

கமின்ஸ்கி 1979ஆம் ஆண்டு சன் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். நான்கு வயதில் தந்தையார் கணினியொன்று வாங்கிக் கொடுத்தார். ஐந்து வயதிலே மைந்தர் தாமாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். பதினொரு வயதில் அவர் இராணுவத்தின் கணினித் தளங்களைத் துருவிப் பார்க்க, வலையமைப்பு அதிகாரி ஒருவர் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துச் சினந்தார். இணைப்பைத் துண்டிப்பதாகவும் அச்சுறுத்தினார். பதினொரு வயதுச் சிறுவனே உடைக்கத்தக்க காவல் அது என்று பத்திரிகையில் விளம்பரம் செய்வேன் எனத் தாயார் பதிலடி கொடுத்தார். முடிவில் மூன்று நாள் இணையத் தடையோடு வழக்குத் தீர்ந்தது!

சான்ரா கிளாரா பல்கலைக்கழகத்திற் பயின்றபின் அவர் சிஸ்கோ, அவாயா முதலிய நிறுவனங்களிற் பணியாற்றினார். 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத்தட்டுகள், வாங்கியோர் அறியாமலே அவர்தம் கணினிகளில் மறைநிரலைப் புகுத்தியமை வெளிப்பட்டது. அது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகளிற் பரவியிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் கமின்ஸ்கியே.

பெயரும் எண்ணும்

இணையத்திலே ஒவ்வொரு தளத்துக்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. நாம் தருவதோ பெயர். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது 1983இல் வகுக்கப்பெற்ற ஆள்களப் பெயர் முறைமை. தொலைபேசி விபரக்கொத்துப் போன்றது எனலாம். கணினி விடுக்கும் ஒவ்வொரு வினாவும் 65,536 எண்களுள் ஒன்றை அடையாளமாகத் தாங்கிச் செல்லும். அவ்வெண்ணுடன் முந்தி வரும் விடையே ஏற்கப்படும்.

பொய் விடை அனுப்ப முயல்வோன் இவ்வெண்ணை ஊகிக்க வேண்டும். மெய்விடை முந்திவிட்டால் அது நெடுநேரம் நினைவிலிருத்தப்படும். கள்வன் காத்திருக்க வேண்டியதுதான். இக்காவலின் ஓட்டையைக் கமின்ஸ்கி கண்டார். இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், ஒவ்வொரு வினாவும் கள்வனுக்குப் புதிய வாய்ப்பாகும். எண் ஒருமுறை பொருந்திவிட்டால், அப்பொய் விடையோடு உண்மையான தளத்தின் முகவரியையும் மாற்றிப் புகுத்திவிடலாம். இதற்குச் சில விநாடிகளே போதும். வங்கியின் பெயரைச் சரியாகவே எழுதியவர், தம்மையறியாது கள்வன் வாயிலில் நிற்பார்.

ஓட்டை ஒரு நிறுவனத்தின் பொருளில் இருக்கவில்லை. முறைமையின் அடிப்படையிலேயே இருந்தது. இத்தகைய இரகசியத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். கமின்ஸ்கி அதை விற்கவில்லை, முரசறையவுமில்லை. அம்முறைமையில் வல்லவரான போல் விக்சியிடம் எடுத்துரைத்தார். 2008 மார்ச் 31ஆம் நாள் றெட்மண்டிலுள்ள மைக்ரோசொப்ற் வளாகத்தில் பதினாறு வல்லுநர் இரகசியமாகக் கூடினர். சந்தையிலே போட்டியிடும் நிறுவனங்கள் பல இப்பணியில் ஒருங்கிணைந்தன. யூலை 8ஆம் நாள் அவை ஒரே வேளையில் திருத்தங்களை வெளியிட்டன. அடையாள எண்ணோடு, வினா புறப்படும் வாயிலின் எண்ணையும் மாற்றிக்கொண்டேயிருப்பதே அத்திருத்தம்.

திருத்தத்தை நிறுவ உலகுக்கு முப்பது நாள் அவகாசம் வேண்டினார் கமின்ஸ்கி. விளக்கம் கூறாது எச்சரிக்கை மட்டும் விடுத்தமையால் துறையினர் சிலர் ஐயுற்றனர். விளம்பரம் தேடுகிறார் என்றும் பேசினர். அப்பழியை அவர் பொறுத்தார். பதின்மூன்றாம் நாளே இரகசியம் கசிந்தது. எனினும் அதற்குள் பல வலையமைப்புகள் திருத்தத்தை ஏற்றிருந்தன. ஓகஸ்ட் 6ஆம் நாள் லாஸ் வேகாஸ் மாநாட்டில் அவர் யாவற்றையும் விளக்கினார். அவருடைய பாட்டியார் அவையோருக்குத் தம் கையாற் சுட்ட பிஸ்கட்டுகளை வழங்கினார்.

திருத்தம் கள்வனின் வேலையைக் கடினமாக்கியதேயன்றி, நோயை வேரறுக்கவில்லை. விடை ஒவ்வொன்றும் ஐயத்துக்கிடமற்ற ஒப்பம் தாங்கி வருவதே நிலையான மருந்து எனக் கமின்ஸ்கி பின்னர் வற்புறுத்தினார். 2010இல் இம்முறை இணையத்தின் மூலவேரில் நடைமுறைக்கு வந்தபோது, பேரிடரில் மூலத்திறவை மீட்கும் பொறுப்பிற்கு ஏழு நாட்டவர் எழுவர் தெரிவாயினர். அவருள் ஒருவர் கமின்ஸ்கி.

2012இல் நண்பருடன் இணைந்து வைற் ஒப்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களைப் பார்ப்பவர் மனிதரா, மனிதராய் நடிக்கும் பொறியா எனப் பிரித்தறிவது அதன் தொழில். வண்ணங்களைப் பிரித்தறிய இயலாதோருக்கென கைத்தொலைபேசி நிரலொன்றையும் அவர் முன்னரே ஆக்கியிருந்தார்.

2021 ஏப்பிரல் 23ஆம் நாள், நீரிழிவால் நேர்ந்த சிக்கலினால், நாற்பத்திரண்டாவது வயதிலேயே அவர் மறைந்தார். அவ்வாண்டே இணையப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

அறிவு ஒருவனுக்கு வலிமை தருகிறது. அவ்வலிமையைத் தன் நலத்துக்காகப் பயன்படுத்தாது, ஏனையோர் காப்புப் பெறும்வரை பொறுத்திருக்கச் செய்வது பண்பு. கணினிக் கல்வியை மாணவருக்கு ஊட்டும் நாம், நிரலெழுதக் கற்பிப்பதோடு நின்றுவிடாது இப்பண்பையும் கற்பித்தல் வேண்டும்.