காஸா குழந்தைகளை சிகிச்சைக்கு வெளியே அனுப்புவது எப்படி நடக்கிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

2025 அக்டோபர் 22. காஸாவில் போர்நிறுத்தம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உலக சுகாதார அமைப்பு ஏற்பாடு செய்த வாகனங்களில் 41 நோயாளிகள் சிகிச்சைக்காக காஸாவை விட்டு வெளியேறினார்கள். துணைக்குப் போனவர்கள் 145 பேர்.

நல்ல செய்திதான். ஆனால் அதே வாரத்தில் அந்த அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் சொன்ன கணக்கு வேறு மாதிரி இருந்தது. வெளியே போய் சிகிச்சை எடுக்க வேண்டியவர்கள் சுமார் 15,000 பேர். அதில் 4,000 பேர் குழந்தைகள். காத்திருந்தபோதே இறந்தவர்கள் 700 பேர்.

குண்டு நின்றாலும் ஆம்புலன்ஸ் ஏன் கிளம்பல?

காரணம், இது ஆம்புலன்ஸ் விஷயமே இல்லை. பெரும்பாலும் பேப்பர் விஷயம்.

முதலில் காஸாவில் இருக்கும் டாக்டர், "இங்கே இந்தக் குழந்தைக்கு சிகிச்சை தர முடியாது" என்று எழுதித் தர வேண்டும். சுகாதாரத் துறையின் குழு அதைப் பார்த்து, எவ்வளவு அவசரம் என்று வரிசைப்படுத்தும். பிறகு ஏதாவது ஒரு நாடு "இந்தக் குழந்தையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் இஸ்ரேல் ராணுவத்தின் கோகாட் என்ற பிரிவு பாதுகாப்பு சோதனை நடத்தி அனுமதி தர வேண்டும். குழந்தைக்கு மட்டுமல்ல, கூடப் போகிறவருக்கும்.

இதில் எந்த ஒரு இடத்தில் நின்றாலும் எல்லாமே நின்றுவிடும். சில குடும்பங்களுக்கு குழந்தை பெயர் ஓகே ஆகும், அம்மா பெயர் ஓகே ஆகாது. அப்போது பாட்டியோ, அத்தையோ கிளம்புகிறார்கள். அம்மாவுக்கே அனுமதி கிடைத்தாலும் சிக்கல் தீராது. மற்ற பிள்ளைகளை கூடாரத்தில் விட்டுவிட்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் போக வேண்டும்.

மூடிய ஒரு கேட்

2024 மே வரை நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. எகிப்து எல்லையில் உள்ள ரஃபா வழியாக நோயாளிகள் போய்க்கொண்டிருந்தார்கள். 2023 நவம்பரில் அல் ஷிஃபா மருத்துவமனையில் இருந்து மீட்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளில் 28 பேர் எகிப்து போய்ச் சேர்ந்ததும் அந்த வழியில்தான்.

2024 மே 7 அன்று ரஃபாவின் பாலஸ்தீனப் பக்கத்தை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றியது. கேட் மூடப்பட்டது. அதன் விளைவை யுனிசெஃப் அந்த ஆண்டு அக்டோபரில் எண்ணிச் சொன்னது: அதற்கு முன்பு மாதத்துக்கு சராசரியாக 296 குழந்தைகள் வெளியேறினார்கள். மூடிய பிறகு மாதத்துக்கு 22. நாளைக்கு ஒரு குழந்தைகூட இல்லை. இந்த வேகத்தில் போனால், அப்போது அவசர சிகிச்சை தேவைப்பட்ட 2,500 குழந்தைகளை வெளியேற்ற 7 வருஷத்துக்கு மேல் ஆகும் என்றது யுனிசெஃப். புற்றுநோய் வந்த குழந்தையிடம் போய் ஏழு வருஷம் பொறு என்று சொல்வதற்கு சமம்.

2025 பிப்ரவரியில், போர்நிறுத்த காலத்தில், ரஃபா நோயாளிகளுக்காக திறந்தது. மார்ச்சில் மறுபடி தாக்குதல் தொடங்கியதும் அதுவும் நின்றது.

காஸாவிலேயே சிகிச்சை தர முடியாதா?

புற்றுநோய்க்கென்று அங்கே இருந்தது துருக்கி-பாலஸ்தீன நட்புறவு மருத்துவமனை. எரிபொருள் இல்லாமல் 2023 நவம்பரில் செயல்பாடு நின்றது. 2025 மார்ச்சில் இஸ்ரேல் ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது.

கை, கால் இழந்த குழந்தைகள் கதை இன்னும் நீளம். பெரியவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு செயற்கைக் கால் பொருத்தினால் பல வருஷம் ஓடும். குழந்தைக்கு அப்படி இல்லை. வெட்டிய இடத்தில் எலும்பு தொடர்ந்து வளரும், அதனால் திரும்பத் திரும்ப ஆபரேஷன் தேவைப்படலாம். உடம்பு வளர வளர செயற்கைக் காலையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே அனுப்பி கூட்டி வந்தால் தீருகிற வேலை இல்லை இது.

யார் ஏற்றுக்கொள்கிறார்கள்?

எகிப்தும் ஐக்கிய அரபு அமீரகமும்தான் அதிகம் பேரை எடுத்திருக்கின்றன. ஐரோப்பாவில் இத்தாலி முன்னால் நிற்கிறது. 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, 2,000 குழந்தைகளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் ஜோர்டான் மன்னர் அப்துல்லா. மார்ச்சில் முதல் குழுவில் வந்தவர்கள் 29 குழந்தைகள். சிகிச்சை முடிந்தால் திரும்பிவிட வேண்டும் என்பது ஜோர்டானின் நிபந்தனை. மே மாதத்தில் 17 குழந்தைகள் போர் நடந்துகொண்டிருந்த காஸாவுக்கே திரும்பினார்கள்.

அமெரிக்கா? 2025 ஆகஸ்டில் காஸாவாசிகளுக்கான பார்வையாளர் விசாவையே நிறுத்தியது. சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்குத் தரப்பட்ட விசாவும் அதில்தான் அடக்கம்.

இத்தனைக்கும் விமானம் ஏற வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை. போருக்கு முன்பு காஸா நோயாளிகள் வழக்கமாகப் போன இடம் கிழக்கு ஜெருசலேமும் மேற்குக் கரையும். கதிர்வீச்சு சிகிச்சை தரும் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை கிழக்கு ஜெருசலேமில்தான் இருக்கிறது. காஸாவில் இருந்து 100 கிலோமீட்டர்கூட இல்லை, அதே மொழி பேசும் டாக்டர்கள். அந்தப் பழைய வழியைத் திறந்துவிடுங்கள் என்று உலக சுகாதார அமைப்பு திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறது.